டிரம்மர் இல்லாமல் திரும்பி வந்தவர்கள்

"மெஷினுக்கு வயசாகாது, அதனாலதான் அதுல உயிரும் கிடையாது" என்றார் நண்பர். 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் நடந்த, பிளாக் சப்பாத் என்ற ஹெவி மெட்டல் குழுவின் கடைசிக் கச்சேரியை இணையத்தில் பார்த்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு காட்ஃப்ளெஷ் எவ்வளவு பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். டிரம்மர் உட்காரும் இடத்தில் ஒரு டிரம் மெஷினை வைத்து வாசிக்கிற குழு அது, அவர்களும் பர்மிங்காம்காரர்கள்தான். அவர் என்னைச் சீண்டுவதற்காக அதைச் சொல்லவில்லை. சப்பாத்தின் டிரம்மர் பில் வார்ட் வாசித்ததைப் பார்த்த நெகிழ்ச்சியில் மனசார வந்த பேச்சு. ஆனால் எனக்கு அது ஒத்துப்போகவில்லை, மறுத்துச் சொல்லவும் அப்போது வாய் வரவில்லை. அதற்கப்புறம் காட்ஃப்ளெஷ்ஷின் எந்த ஆல்பத்தைப் போட்டாலும் அந்தப் பேச்சு நினைவுக்கு வந்துவிடுகிறது. சரி, எழுதியே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் பில் வார்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நண்பர் பக்க நியாயம் அங்கேதான் இருக்கிறது. 2011 நவம்பரில் சப்பாத்தின் பழைய நால்வரும் மறுபடி சேர்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. அடுத்த சில மாதங்களிலேயே, கையெழுத்துப் போடக்கூடிய மாதிரி ஒப்பந்தம் தனக்குத் தரப்படவில்லை என்று வார்ட் வெளிப்படையாக எழுதினார், விலகியே நின்றுவிட்டார். 2012 டவுன்லோட் விழா மேடையில் அவர் இல்லை. 2013இல் வந்த ஆல்பத்துக்கு ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழுவின் டிரம்மர் பிராட் வில்க் வாசித்தார். வில்க் லேசுப்பட்ட ஆள் இல்லை, இருந்தும் அந்த ஆல்பத்தை ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எனக்கு வார்ட் இல்லாதது மட்டுமே கேட்டது. ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்த கை வார்டுடையது. நேர்கோட்டில் போகாது, கொஞ்சம் தள்ளாடும், கிட்டாரோடு பேசிக்கொண்டே போகும். வில்லா பார்க்கில் அவருக்கு வயது 77. 2005க்குப் பிறகு நால்வரும் ஒன்றாக மேடையேறியது அன்றைக்குத்தான். சில இடங்களில் வேகம் குறைந்த மாதிரிதான் எனக்குக் கேட்டது, அதனால் எதுவும் கெட்டுப்போகவில்லை, அந்த நாலு பேரும் இத்தனை வருடம் வாழ்ந்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்பதை அந்தத் தளர்ச்சிதான் சொன்னது. 17 நாள் கழித்து அந்த நால்வரில் பாடகரான ஓஸி ஆஸ்போர்ன் இறந்துபோனார்.

ஆக, டிரம்மருக்கு வயசாவதும் அந்த வயது தாளத்தில் கேட்பதும் ஒரு பெரிய விஷயம், அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் ஒரு குழு பல வருடம் கழித்து விழா மேடைக்குத் திரும்பும்போது உயிர் இருக்கக்கூடிய இடம் அது ஒன்றுதானா? காட்ஃப்ளெஷ் 2010இல் திரும்பி வந்த விதத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தன்னையே எடுத்துவிட்ட டிரம்மர்

டிரம் மெஷின் வைத்திருக்கிற குழு என்றதும் டிரம்மர் கிடைக்காமல் வைத்திருப்பார்கள், இல்லை காசு மிச்சம் பிடிக்க வைத்திருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். காட்ஃப்ளெஷ்ஷில் கிட்டார் வாசித்துப் பாடுகிற ஜஸ்டின் பிராட்ரிக் விஷயத்தில் அது இரண்டுமே இல்லை, ஏனென்றால் அவரே டிரம்மர். 1969இல் பிறந்தவர். 1986 ஆகஸ்டில், 17 வயதில், நேபாம் டெத்தின் 'ஸ்கம்' ஆல்பத்தின் முதல் பக்கத்துக்குக் கிட்டார் வாசித்தார். உலகத்திலேயே சிறிய பாட்டு என்று கின்னஸில் ஏறிய 1.316 நொடிப் பாட்டு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அது வெளிவருவதற்கு முன்பே அங்கிருந்து கிளம்பி ஹெட் ஆஃப் டேவிட் என்ற குழுவில் டிரம்ஸ் வாசிக்கப் போய்விட்டார். இதற்கிடையில் ஃபால் ஆஃப் பிகாஸ் என்று பென் கிரீனும் பால் நெவிலும் வைத்திருந்த ஒரு குழு, பெயரே கில்லிங் ஜோக் என்ற குழுவின் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்தது, அதிலும் பிராட்ரிக் டிரம்ஸ்தான், கூடவே பாட்டும். எல்லாம் இருபது வயதுக்குள். உலகத்திலேயே வேகமான இசையை வாசித்துப் பார்த்துவிட்ட ஒரு பையன், அடுத்து என்ன செய்வது என்று தேடிப் போய் நின்ற இடம் உலகத்திலேயே மெதுவான, கனமான இசை.

1988இல் காட்ஃப்ளெஷ் தொடங்கியபோது பிராட்ரிக் டிரம்ஸ் இருக்கையை விட்டு எழுந்து கிட்டாரை எடுத்துக்கொண்டார். பேஸ் கிட்டாரில் கிரீன். டிரம்ஸ் இடத்தில் அலெசிஸ் நிறுவனத்தின் எச்ஆர்-16 என்ற பெட்டி, அப்போதுதான் புதிதாகச் சந்தைக்கு வந்திருந்தது, மேலே ரப்பர் பொத்தான்கள் இருக்கும், விரலால் தட்டித் தட்டித் தாளத்தைப் பதிய வேண்டும். தனக்கே வாசிக்கத் தெரிந்த ஒன்றை அவர் எதற்கு ஒரு பெட்டியிடம் கொடுக்க வேண்டும்? அவர் கேட்க விரும்பிய அடி மனிதக் கையில் வராத அடி என்பதுதான் என் புரிதல். அடிக்கு அடி ஒரே கனம். களைப்பில் இறங்காது, உற்சாகத்தில் ஏறாது. அந்தக் காலத்து ஹிப் ஹாப்பும் அவர் காதில் நிறைய இருந்தது. காட்ஃப்ளெஷ்ஷின் 'ஸ்ட்ரீட்க்ளீனர்' ஆல்பத்தில் ஒரு பாட்டின் பீட், எரிக் பி அண்ட் ராக்கிம் என்ற ஹிப் ஹாப் ஜோடியின் பாட்டு ஒன்றில் வரும் தாளத்தைப் பிடிக்கப் பார்த்துப் பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். மெட்டல் ரசிகர்கள் இதை இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை என்பது என் நீண்ட நாள் குறை. ராக்கிம் இல்லாமல் அந்த ஆல்பம் இல்லை.

நாட்டிங்ஹாமின் இயரேக் ரெக்கார்ட்ஸ் 1989இல் வெளியிட்ட அந்த ஆல்பத்தை முதல் தடவை கேட்கிறவர்களுக்கு எது கிட்டார், எது பேஸ் என்றே பிடிபடாது. வழக்கமாகக் கிட்டார் செய்யும் வேலையைக் கிரீனின் டிஸ்டார்ஷன் ஏற்றிய, அதாவது ஒலியைக் கரகரப்பாக்கிய, பேஸ் செய்கிறது, மெட்டு என்று ஏதாவது இருந்தால் அது பேஸில்தான். பிராட்ரிக்கின் கிட்டார் அதற்கு மேலே கிறீச்சிடுகிறது, ஊளையிடுகிறது, சில இடங்களில் கதறுகிறது. அடியில் மெஷின் போய்க்கொண்டே இருக்கிறது. பர்மிங்காமின் தொழிற்சாலைச் சத்தம் என்று இதை எல்லோரும் எழுதிவிட்டார்கள், நானும் அதையே எழுதப் போவதில்லை. எனக்கு அதில் கேட்பது தொழிற்சாலையை விட அதற்கு நடுவில் வளர்ந்த ஒரு பையனின் பயம். அவ்வளவு பெரிய சத்தத்துக்கு நடுவில் அந்தக் குரல் தனியாக இருக்கிறது. மெஷின் அந்தக் குரலுக்காக ஒரு இடத்திலும் நிற்பதில்லை, இரக்கம் காட்டுவதில்லை. நண்பர் குறையாகச் சொன்னது இதைத்தான். அந்த இரக்கமின்மை இருப்பதால்தான் குரலின் தனிமை இவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது என்று நான் சொல்வேன். டிரம்மர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் அந்தப் பையனுக்குத் துணைக்கு ஒரு ஆள் வந்திருக்கும்.

தொண்ணூறுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1992இல் 'ப்யூர்', அதில் ஹிப் ஹாப் இன்னும் வெளிப்படையாக மேலே வந்தது. 1994இல் 'செல்ஃப்லெஸ்', அமெரிக்காவில் கொலம்பியா என்ற பெரிய நிறுவனத்தின் வழியாக வந்தது, பெரிய நிறுவனம் எதிர்பார்த்த விற்பனை நடக்கவில்லை. அப்புறம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிற திருப்பம். 1996இல் 'சாங்ஸ் ஆஃப் லவ் அண்ட் ஹேட்' ஆல்பத்துக்கு பிரையன் மான்டியா என்ற மனித டிரம்மர் வந்தார், பிரைமஸ் குழுவுக்கு வாசித்தவர். அபாரமான கை. ஆல்பமும் நல்ல ஆல்பம், நிறையப் பேருக்கு அவர்களுடைய ஆல்பங்களிலேயே இதுதான் பிடிக்கும். ஆனால் பிராட்ரிக் மறு வருடமே அதை எடுத்து, பிரித்து, டப் வடிவில், அதாவது பதிவின் துண்டுகளை எதிரொலியோடு மறுபடி கலக்கும் முறையில், இயந்திரத்தனமாக மறுபடி கட்டி இன்னொரு ஆல்பமாக வெளியிட்டார். 2001இல் 'ஹிம்ஸ்' வந்தபோது ஸ்வான்ஸ், பிராங்க் ஆகிய குழுக்களில் வாசித்த டெட் பார்சன்ஸ் டிரம்ஸில் இருந்தார். கேட்டால் ஒரு நல்ல கனமான ராக் குழு வாசிக்கிற மாதிரி இருக்கும். நல்ல ராக் குழுக்கள் உலகத்தில் நிறைய இருக்கின்றன, காட்ஃப்ளெஷ் அதற்காகத் தொடங்கப்பட்ட குழு இல்லை.

2002

'ஹிம்ஸ்' வந்த அதே வருடம் பென் கிரீன் குழுவை விட்டுப் போனார். பேஸுக்கு கில்லிங் ஜோக்கின் பால் ரேவன் வந்தார். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். சின்ன வயதில் எந்தக் குழுவின் பாட்டிலிருந்து தங்கள் குழுவுக்குப் பெயர் எடுத்தார்களோ அந்தக் குழுவின் பேஸ் கலைஞர் இப்போது பக்கத்தில் நிற்கிறார், பின்னால் பார்சன்ஸ் மாதிரி ஒரு டிரம்மர். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது கனவு அணி. ஆனால் 1988இல் தொடங்கியபோது இருந்த மூன்றில் இப்போது ஒன்றுதான் மிச்சம். மெஷின் முன்பே போய்விட்டது, கிரீனும் போய்விட்டார்.

2002இல் அமெரிக்க டூருக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் பிராட்ரிக்கால் கிளம்ப முடியவில்லை. மனம் முழுதாக உடைந்துபோயிருந்தது, இதைப் பின்னாளில் அவர் பேட்டிகளில் ஒளிவுமறைவில்லாமல் பேசியிருக்கிறார். டூர் ரத்தானது, அத்தோடு குழுவும் முடிந்தது. இதைப் படித்த காலத்திலிருந்து ஒரு விஷயம் எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றும். அவர் உடைந்ததற்கு இசை மட்டும் காரணமாக இருக்க முடியாது, ஒரு மனிதரின் வாழ்க்கையில் வேறு எத்தனையோ இருக்கும், அதற்குள் நுழைய எனக்கு உரிமை இல்லை. ஆனால் குழு என்ற அளவில் பார்த்தால், அந்த டூருக்குக் கிளம்பியிருக்க வேண்டியது காட்ஃப்ளெஷ் என்ற பெயர் மட்டும்தான். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் பழைய பெயரைத் தூக்கிக்கொண்டு போகிற குழுக்கள் எத்தனை பார்த்திருக்கிறோம். அந்த வேலையை அவருடைய உடம்பும் மனசும் செய்ய மறுத்துவிட்டன. இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு, எனக்கு அப்படி எழுத மனசு வரவில்லை.

மறு வருடமே ஜேசு என்ற குழுவைத் தொடங்கினார். 'ஹிம்ஸ்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டின் பெயர் அது, முடிந்துபோன ஒன்றின் கடைசி வார்த்தையிலிருந்து அடுத்ததைத் தொடங்கினார். அதே மெதுவான கனம், ஆனால் கதறல் இல்லை, பாட்டு இருந்தது, துக்கம் மெட்டாக வந்தது. ஜேசுவிலும் டெட் பார்சன்ஸ் வாசித்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கிளிசான், அப்புறம் டில்பர்க்

2010 ஜூனில் பிரான்சில் நாண்ட் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிளிசான் என்ற சின்ன ஊரில், ஹெல்ஃபெஸ்ட் விழாவில், காட்ஃப்ளெஷ் மறுபடி மேடையேறியது. எட்டு வருட இடைவெளி. யார் யார் வந்தார்கள் என்பதுதான் விஷயம். பிராட்ரிக், கிரீன், மெஷின். அவ்வளவுதான். பார்சன்ஸ் கூப்பிடு தூரத்தில் இருந்தார், பிராட்ரிக்கின் இன்னொரு குழுவில் வாசித்தவர், கூப்பிட்டால் வந்திருக்கக்கூடியவர் என்றுதான் நினைக்கிறேன். ஆயிரக்கணக்கான பேர் நிற்கும் கோடை விழா மேடையில் ஒரு டிரம்மர் பின்னால் கையை வீசி வாசிப்பது கண்ணுக்கு எவ்வளவு பெரிய காட்சி என்பது மேடை ஏறுகிற எல்லோருக்கும் தெரியும். அதை வேண்டாம் என்று விட்டுவிட்டு, அகலமான மேடையில் இரண்டே ஆட்கள், நடுவில் காலியிடம் என்று வந்து நிற்பதற்கு ஒரு தெளிவு வேண்டும். பழைய ரசிகர்களைக் குஷிப்படுத்த வந்தவர்கள் இப்படி வந்து நிற்க மாட்டார்கள்.

2011 ஏப்ரலில் நெதர்லாந்தின் டில்பர்க் நகரில், ரோட்பர்ன் விழாவில் 'ஸ்ட்ரீட்க்ளீனர்' ஆல்பத்தை முழுதாக வாசித்தார்கள். அந்தப் பதிவு 2013இல் ஆல்பமாகவே வந்தது. ஒரு பழைய ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை மேடையில் வாசிப்பது இப்போது எல்லா விழாவிலும் வழக்கமாகிவிட்டது, அதில் பெரும்பாலானவை எனக்குச் சலிப்பைத்தான் தருகின்றன. பாட்டு வரிசை முன்கூட்டியே தெரியும், எந்த இடத்தில் கை தட்ட வேண்டும் என்பதும் தெரியும், குழுவும் ரசிகர்களும் சேர்ந்து பழைய நாளைக் கொண்டாடிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ரோட்பர்ன் பதிவு அந்த வகையில் சேராது, ஏன் சேராது என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

சாதாரணமாக ஒரு குழு இருபது வருடம் கழித்துப் பழைய பாட்டை வாசிக்கும்போது பாட்டும் கூடவே வயதாகி வருகிறது. டிரம்மர் கொஞ்சம் நிதானமாகியிருப்பார், பாட்டும் நிதானமாகும். அல்லது கூட்டத்தின் ஆரவாரத்தில் வேகம் கூடிப்போகும், எல்லோரும் சேர்ந்து ஓடிவிடுவார்கள். எப்படியும் எல்லோரும் ஒரே படகில். காட்ஃப்ளெஷ்ஷுக்கு அந்தச் சலுகை இல்லை. அந்தத் தாளம் இருபது வயதில் அவர் பதித்த தாளம், எந்தப் பெட்டியிலிருந்து வெளியே வந்தாலும் அது அந்தப் பையன் போட்ட கணக்கு. அந்தப் பையனுக்கு நாற்பத்தோரு வயது ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்த ஆள் நடுவில் உடைந்துபோனதோ, இன்னொரு குழு கட்டி எழுந்ததோ, நண்பர் பிரிந்துபோய்த் திரும்பி வந்ததோ எதுவுமே அந்தத் தாளத்துக்குத் தெரியாது. அது 1989இல் அடித்த மாதிரியே அடிக்கிறது. அதற்குள் தன்னைப் பொருத்திக்கொண்டு கத்த வேண்டிய பொறுப்பு முழுக்க இப்போது மேடையில் நிற்கிறவருடையது. குரல் மாறியிருக்கிறது, அடித்தொண்டை இன்னும் கனத்திருக்கிறது, மூச்சு வாங்கும் இடங்கள் மாறியிருக்கின்றன. மெஷின் மாறாததால்தான் மனிதர் எவ்வளவு மாறியிருக்கிறார் என்பதை அளந்து பார்க்க முடிகிறது. வில்லா பார்க்கில் வார்டின் கையில் கேட்ட அதே வயதை நான் ரோட்பர்னில் பிராட்ரிக்கின் தொண்டையில் கேட்கிறேன். நண்பரே, உயிர் எங்கேயும் போய்விடவில்லை, இருக்கை மாறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கிரீனைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவரைப் பற்றி யாரும் அதிகமாகப் பேசுவதில்லை. பேட்டிகளில் அவர் குரல் அபூர்வம், மேடையிலும் பெரிய அசைவு கிடையாது. ஆனால் அந்தப் பதிவில் பேஸை மட்டும் தனியாகப் பின்தொடர்ந்து கேட்டால் ஒன்று தெரியும். மெஷினுக்கும் பிராட்ரிக்குக்கும் நடுவில் பேசி வைக்கிறவர் அவர்தான். தாளத்தோடு ஒட்டியும் நிற்பார், கிட்டார் எங்காவது இழுத்துக்கொண்டு போனால் அதற்கும் இடம் விடுவார். 2001இல் அவர் போனபோதே குழு முடிந்துவிட்டது என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். ரேவன் பெரிய கலைஞர், 2007இல் அவர் இறந்தது பெரிய இழப்பு. ஆனால் இந்த இடம் திறமையால் மட்டும் நிரம்புகிற இடம் இல்லை. பதின்வயதிலிருந்து கூட வாசித்தவருக்குத்தான் அது வரும்.

திரும்பி வந்த குழு புதிதாக ஏதாவது செய்ததா என்ற கேள்வியைக் கேட்காமல் விட முடியாது, ஏனென்றால் அங்கேதான் பெரும்பாலான ரீயூனியன்கள் சாயம் வெளுக்கும். 2014இல் 'எ வேர்ல்ட் லிட் ஒன்லி பை ஃபயர்' பிராட்ரிக்கின் சொந்த நிறுவனமான அவலாஞ்ச் வழியாக வந்தது. எட்டுத் தந்திக் கிட்டார், மெஷின், கிரீன். மனித டிரம்மர்களோடு போன வருடங்கள் நடக்கவே இல்லை என்கிற மாதிரி ஒரு ஆல்பம், நான் கேட்ட ரீயூனியன் ஆல்பங்களில் இவ்வளவு பிடிவாதமான ஒன்று வேறில்லை. 2017இல் 'போஸ்ட் செல்ஃப்', அது இன்னும் குளிர்ச்சியானது, எனக்கு நெருக்கமாக வரக் கொஞ்ச நாள் ஆனது. 2018இல் ரோட்பர்னுக்குத் திரும்பப் போய் 'செல்ஃப்லெஸ்' முழுவதையும் வாசித்தார்கள், பெரிய நிறுவனம் கைவிட்ட ஆல்பத்துக்குக் கடைசியில் அதற்குரிய கூட்டம் கிடைத்தது. 2023இல் 'பர்ஜ்'. 1992இல் தொட்ட ஹிப் ஹாப் தாளங்களுக்கு மறுபடி போனார்கள். தனக்கு ஆட்டிசமும் பிடிஎஸ்டி என்ற, அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பும் இருப்பது மருத்துவ ரீதியாகக் கண்டறியப்பட்டதைப் பற்றி பிராட்ரிக் அந்தச் சமயத்தில் வெளிப்படையாகப் பேசினார், இந்த இசை தனக்கு ஒரு தற்காலிக விடுதலை என்றும் சொன்னார்.

அதைப் படித்தபோது மெஷினைப் பற்றிய என் எண்ணம் இன்னும் உறுதியானது. சுற்றியிருக்கும் எதுவும் ஒரு ஒழுங்கில் இல்லை, யார் எப்போது எப்படி மாறுவார்கள் என்று கணிக்க முடியவில்லை என்ற தவிப்போடு வளர்ந்த ஒருவருக்கு, சொன்ன இடத்தில் சொன்ன கனத்தோடு தவறாமல் விழுகிற அடி எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். வெளியே நிற்கிற நமக்குத்தான் அது இரக்கமில்லாமல் கேட்கிறது. அதன் மேல் சாய்ந்துகொண்டு கத்துகிறவருக்கு அது சுவர். இது என் ஊகம்தான், ஆனால் 'பர்ஜ்' ஆல்பத்தைக் கேட்கும்போது இந்த ஊகம் எனக்குத் தப்பாகத் தெரியவில்லை.

நண்பரிடம் அடுத்து பேசும்போது வாதம் பண்ணப் போவதில்லை. ரோட்பர்ன் பதிவின் முதல் மூன்று பாட்டுகளை அனுப்பப் போகிறேன், அதற்கு முன்னால் 1989இன் ஸ்டுடியோ பதிவில் அதே மூன்றையும் கேட்கச் சொல்லப் போகிறேன். டிரம்ஸை விட்டுவிட்டுக் குரலை மட்டும் பின்தொடரச் சொல்ல வேண்டும், ஹெட்போனில், சத்தமாக. அப்புறம் பில் வார்டைப் பற்றி அவர் எவ்வளவு நேரம் பேசினாலும் நான் கேட்கத் தயார்.